காற்றுக்கு வீடு கட்டாத அரைமில்லி அக்கா

ஈப்போவில் இதுவரை பிறந்தவர்களிலேயே காற்றை முழுமனதோடு வெறுத்த ஒரே ஆள் எங்கள் அரைமில்லி அக்காதான். மூச்சுவிடும் காற்றைச் சொல்லவில்லை. அதை அவர் நம் எல்லாரையும்விடக் கூடுதலாகவே இழுத்து, உரக்கப் பேசித் தீர்த்துவிடுவார். பெட்டிக்குள்ளும் டப்பாவுக்குள்ளும் சும்மா உட்கார்ந்திருக்கும் காற்றைத்தான் அவருக்குக் கண்டால் ஆகாது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, பாதி பிஸ்கட், மீதி காற்று என்று தெரிந்தால் அதைக் கடைக்காரர் முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுவார். "இந்தக் காத்தை நீங்களே வச்சுக்குங்க லா. நான் பிஸ்கட்டுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார்.

மெங்கிளம்பு பக்கம் ஒரு சிறிய பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான் அலுவலக வேலை பார்த்தபோது அவரைத் தெரியும். தொலைபேசியை எடுப்பது, வருகிறவர்களை உட்கார வைப்பது, அட்டைப்பெட்டிகளை அனுப்புவது, இதெல்லாம் என் பொறுப்பு. அக்கா அங்கே வடிவமைப்புப் பொறியாளர். அந்தப் பிரிவுக்கு அவர் ஒருவர்தான். தலைவரும் அவரே, ஊழியரும் அவரே, போராட்டம் என்று வந்தால் தொழிற்சங்கமும் அவரே.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு இணையம் வருகிறதே, அது தலைமுடியைப் போன்ற கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாக ஓடி வருகிறது. ஓர் இழை இன்னோர் இழையைச் சந்திக்கும் இடத்தில் இரண்டின் முனைகளும் நேருக்கு நேர் ஒட்டி நிற்க வேண்டும். துளி விலகினாலும் வெளிச்சம் சிதறிவிடும். அப்படிப் பிடித்து நிறுத்துவதற்குத்தான் கனெக்டர். அந்தக் கனெக்டருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. அதைத்தான் நாங்கள் அச்சில் வார்த்து விற்றோம். மற்றவர்கள் அதை ஹவுசிங் என்பார்கள். அக்கா 'வீடு' என்பார்.

அந்த வீட்டை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்குவதுதான் அவருடைய வேலை. இணைய நிலையங்களில் இருக்கும் இரும்பு அடுக்குகள் பெரிதாவதில்லை. ஆனால் அவற்றில் செருக வேண்டிய கனெக்டர்கள் கூடிக்கொண்டே போகின்றன. எனவே வீடு சிறுத்துத்தான் ஆக வேண்டும். இதற்காகவே பிறந்தவர்போல் அக்கா ஒவ்வொரு வரைபடத்தையும் தூக்கிக்கொண்டு அச்சுப் பட்டறைக்கு ஓடுவார். அங்கே அசோங் அங்கிள் இருப்பார். ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வளர்ந்த சீனர். எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

"அங்கிள், இந்தச் சுவரு இன்னும் ஒரு அரை மில்லி குறைக்கலாமா?"

"அம்மா, போன வாரமும் அரை மில்லி, இந்த வாரமும் அரை மில்லி. இப்படியே போனா சுவரு இருக்காது, உன் வாய்தான் இருக்கும்!"

அன்றிலிருந்து அவர் அரைமில்லி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

மற்ற பெண்களின் கைப்பையில் சீப்பு இருக்கும் இடத்தில் அக்காவின் கைப்பையில் வெர்னியர் இருக்கும். வாயைத் திறந்து மூடி, பொருளைக் கவ்வி அளக்கும் இரும்பு அளவுகோல். அதைத் தொழிற்சாலையில் மட்டும் பயன்படுத்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். வாசலில் இருந்த ஒட்டுக்கடையில் காலைப் பசியாற உட்கார்ந்ததும் அது வெளியே வரும். உளுந்து வடையைக் கவ்வும்.

"அண்ணே, நேத்துக்கு இன்னைக்கு ஓட்டை பெருசாயிருக்கு."

"அக்கா, அது வடை. கையால தட்டுறது."

"ஓட்டைக்கு நான் காசு குடுக்க முடியாது அண்ணே. காத்தைச் சுத்தி மாவு வச்சு வடைன்னு சொல்றீங்க."

கடைக்காரர் கடைசியில் அவருக்கென்று ஓட்டையே இல்லாத வடை ஒன்றைத் தனியாகச் சுட்டுக் கொடுக்கத் தொடங்கினார். நடுவில் வேகாத மாவு. அக்கா அதை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். வெற்றி பெற்றவர்கள் ருசி பார்ப்பதில்லை.

செமோரில் ஒரு கல்யாணம். அக்காவின் சொந்தக்காரப் பெண்ணுக்கு. பெண்வீட்டார் சீர்வரிசைத் தட்டுகளை வரிசையாக அலங்கரித்து, மண்டபத்தின் பின்னறையில் வைத்திருந்தார்கள். அக்காவைக் காவலுக்கு உட்கார வைத்தது யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஊர்வலம் கிளம்பும் நேரத்துக்கு வந்து பார்த்தால், மூலையில் காலித் தட்டுகள் அடுக்கிக் கிடக்கின்றன. பழம், பட்டு, இனிப்பு, வெற்றிலை, கண்ணாடி வளையல் எல்லாம் இரண்டே தட்டில். ஒன்றும் நசுங்கவில்லை, ஒன்றும் குறையவில்லை. ஓர் ஊசி நுழைய இடமில்லாமல் அடுக்கியிருந்தார். பெண்ணின் தாயார் அழுதே விட்டார். "ரெண்டு தட்டைத் தூக்கிட்டுப் போனா மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க?" அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. "சாமான் எல்லாம் இருக்குல்ல? வாங்குனது சீரா, காத்தா?"

இவையெல்லாம் வேடிக்கை. வினையும் வந்தது.

அக்கா பல மாதம் பாடுபட்டு ஒரு வீடு வரைந்தார். போகும் இழை, வரும் இழை இரண்டையும் ஒரே உறைக்குள் அடக்கி, சந்தையில் இருந்த எல்லாவற்றையும்விட ஒல்லியாக. வாடிக்கையாளர்கள் பார்க்க வந்தார்கள். எங்கள் முதலாளி வள்ளியப்பன் புதுச் சட்டை போட்டிருந்தார். செட்டிநாட்டுப் பூர்வீகக் குடும்பம். மெல்லப் பேசுவார், எந்தப் பெண்ணையும் 'ஆச்சி' என்றுதான் கூப்பிடுவார், பதற்றம் வந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அக்கா காட்சிப் பலகையில் கனெக்டர்களை ஒன்றை ஒட்டி ஒன்றாகச் செருகினார். டிக், டிக், டிக். அழகாக உட்கார்ந்தன. வந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், "சரி, ஒன்றைக் கழற்றுங்கள்" என்றார்.

கழற்ற முடியவில்லை. கனெக்டரின் தலையில் இருக்கும் சின்னக் கொக்கியை விரலால் அமுக்கினால்தான் அது விடும். விரல் போக அங்கே இடமில்லை. அக்கா காற்றை எல்லாம் துரத்திவிட்டிருந்தார். கூடவே விரலையும் துரத்திவிட்டார். வந்தவர் முயன்றார், முதலாளி முயன்றார், அசோங் அங்கிள் குறடு கொண்டுவந்தார். கடைசியில் ஒன்றின் கொக்கி படாரென்று உடைந்து, பறந்து, முதலாளியின் தேநீரில் விழுந்தது.

விருந்தினர்கள் போன பிறகு முதலாளி கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். "ஆச்சி, நாம வீடு கட்டுறோமா, சமாதி கட்டுறோமா?"

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். அக்கா தேநீரிலிருந்து கொக்கியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "வீடு சரியாத்தான் இருக்கு முதலாளி. விரல்தான் பெருசு" என்றார்.

அடுத்த மாதமே இடி விழுந்தது. தொழிற்சாலையில் பாதிப் பங்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு. அவர்கள் தங்கள் வரைபடத்தை அனுப்பினார்கள். கொழுத்த, பழைய மாதிரி உறை. இனி ஈப்போவில் அவர்கள் அனுப்புவதை மட்டும் வார்த்தால் போதும், சொந்தமாக வரைய வேண்டாம் என்று உத்தரவு. வடிவமைப்பு அறையை அட்டைப்பெட்டிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அக்கா வேண்டுமானால் தரம் பார்க்கும் பிரிவுக்குப் போகலாம்.

முதலாளி இதைச் சொல்லும்போது நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றேன்.

"பெருசாக்க மாட்டேன் முதலாளி" என்றார் அக்கா.

"உன்னை யாரும் பெருசாக்கச் சொல்லல ஆச்சி. அவங்க பெருசாக்கிட்டாங்க. நாம ஊத்துனா போதும்."

"அதான் முடியாதுங்குறேன்."

முதலாளியின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று கொஞ்சம் உயர்ந்தது. "லைன்ல உக்காந்து கனெக்டர் கோக்குற பொம்பளைங்களை நினைச்சுப் பாத்தியா? அவங்க ஆர்டரை நிறுத்துனா எல்லாரும் வீட்டுக்குப் போகணும். உன் ஒருத்தி பிடிவாதத்துக்கா?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு உட்கார்ந்துகொண்டு பேசினார். அவர் அப்பா பால்வெட்டுக்காரர். செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். "தோட்டத்தை வித்தப்ப எங்களைக் காலி பண்ணச் சொன்னாங்க முதலாளி. எங்கப்பா சாமானை எடுக்க உள்ள போனாரு. மரம் கம்பெனியோடது. லயத்து வீடு கம்பெனியோடது. பால் வாளி, உளி, ஏணி எல்லாம் அவங்களோடது. சொந்தம்னு இருந்தது ஒரு கட்டிலும் நானும் அம்மாவும்தான். அந்த மரத்துல எந்தப் பக்கம் வெட்டுனா எவ்வளவு பால் வரும்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன? நாளைக்கு இவங்க இந்த வரைபடத்தைத் தூக்கி வேற ஊருக்குக் குடுத்துட்டா, லைன்ல இருக்குறவங்களும் நீங்களும் எதைத் தூக்கிட்டுப் போவீங்க? நம்மளோடதுன்னு ஒரு வீடு வேணாமா?"

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஆனால் மறுநாள் அட்டைப்பெட்டிகள் வந்துவிட்டன.

அக்கா தரப் பிரிவுக்குப் போனார், வேலை பார்த்தார். மதிய இடைவேளையில் மட்டும் மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்கோண இடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். துடைப்பம் வைக்கும் இடம். ஒரு நாற்காலி, ஒரு பலகை, ஒரு விளக்கு. அதோடு இடம் தீர்ந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். "பழைய ரூம்ல பாதி காத்துதான் தம்பி. இங்கதான் வசதி" என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தார்.

கணினியில் வரையும் வசதியை நிறுத்திவிட்டார்கள். அதனால் சோப்பில் செதுக்க ஆரம்பித்தார். கனெக்டரைப் பல மடங்கு பெரிதாக, கொக்கியும் குழியுமாக, சின்னக் கத்தியால் செதுக்குவார். தொழிற்சாலைக் கழிப்பறைகளில் சோப்பு நிற்கவில்லை. லைன் பெண்கள் என்னிடம் புகார் சொன்னார்கள். நான் வாங்கி வைத்தேன், மறுநாள் இல்லை. படிக்கட்டுப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் மல்லிகை வாசனை, எலுமிச்சை வாசனை என்று மூக்கை உறிஞ்சினார்கள். முதலாளிகூட ஒருநாள் நின்று, "இந்தப் பக்கம் யாரோ பூசை போடுறாங்களா?" என்று கேட்டார். நான், "இருக்கலாம் சார்" என்றேன்.

சோப்பு குவிந்ததே தவிர, விரல் சிக்கல் தீரவில்லை. விரல் போக இடம் விட்டால் வீடு பெரிதாகிறது. இடம் விடாவிட்டால் கழற்ற முடியவில்லை. அக்கா எல்லாரையும் கடித்துக்கொண்டு திரிந்தார்.

அப்படி ஒரு சனிக்கிழமை காலையில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பழைய நகரத்துக்குப் போனார். அவருக்கு மொத்தமாகச் சோப்பு வாங்க வேண்டும். எனக்கு தௌஃபூஃபா என்கிற சோயா இனிப்பு சாப்பிட வேண்டும். அக்காவின் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிகச் சிறிய பழைய கார். அதை மற்றவர்கள் சைக்கிள் நிறுத்தத் தயங்கும் இடத்தில் நிறுத்துவார். அன்று ஒரு லாரிக்கும் கட்டடத் தூணுக்கும் நடுவே பார்த்தார். "அக்கா, வேணாம்" என்றேன். "போலே லா, முடியும்" என்று நுழைத்துவிட்டார். இந்தப் பக்கம் லாரி, அந்தப் பக்கம் தூண். என் கதவைத் திறந்தேன். ஒரு கை வெளியே போனது. அவர் கதவைத் திறந்தார், கையும் போகவில்லை.

"பின்னாடி எடுங்க அக்கா, வேற இடம் பார்ப்போம்."

"கிடைச்ச இடத்தை விடச் சொல்றியா? பின்கதவு எதுக்கு இருக்கு?"

ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் தரையோடு ஒரு சின்னப் பிடி உண்டு. அதை இழுத்தார். பின்னால் கதவு டக்கென்று விட்டது. இருக்கையை மடக்கி, அக்கா பின்பக்கமாகத் தவழ்ந்து, ஈப்போ பழைய நகரத்தின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே காலை முதலில் நீட்டி இறங்கினார். அடுத்து நான். பாதி வழியில் இருக்கும்போது அக்கா கையைக் காட்டி, "நில்லு" என்றார். நின்றேன். அவர் கதவை என் முகத்துக்கு நேரே சாத்திவிட்டார்.

"அக்கா!"

"தம்பி, முன்னாடி போ. அந்தப் பிடியை மறுபடி இழு."

தவழ்ந்து போய் இழுத்தேன். கதவு விட்டது. அவர் குனிந்து கொக்கியைப் பார்த்தார். சாத்தினார். "மறுபடி இழு." இழுத்தேன். சாத்தினார். தௌஃபூஃபாவுக்கு வரிசையில் நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். ஒரு சீனத்துப் பாட்டி, என்னைக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, குடையால் அக்காவின் முதுகில் தட்டினார். அக்கா திரும்பவே இல்லை. "மெதுவா இழு... இப்ப வேகமா..."

வியர்வையில் நனைந்து நான் வெளியே வந்தபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். "இங்க இழுத்தா அங்க திறக்குது! கொக்கி தலையில இருக்கட்டும் தம்பி. விரல் ஏன் தலைக்குப் போகணும்? வாலைப் பிடிச்சு இழுத்தா போதும்லா!"

அன்று நான் தௌஃபூஃபா சாப்பிடவில்லை. நேரே தொழிற்சாலைக்குப் போய்விட்டோம்.

கனெக்டருக்குப் பின்னால், கேபிள் நுழையும் இடத்தில், ரப்பர் உறை ஒன்று இருக்கும். அதுதான் வால். அக்கா அதைக் கொஞ்சம் நகரும்படி செய்தார். அதிலிருந்து வீட்டுக்குள்ளேயே மெல்லிய நாக்கு ஒன்று முன்னால் ஓடும். வாலை இழுத்தால் நாக்கு கொக்கியைக் கீழே அமுக்கும். கனெக்டர் கையோடு வந்துவிடும். பக்கத்தில் விரல் போக வேண்டியதில்லை. வீடு முன்பைவிட இன்னும் ஒல்லி. அசோங் அங்கிள் முதலில் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு சோப்பு மாதிரியை வாங்கிப் புரட்டினார். மறுநாள் மதியம் சாப்பாட்டைப் பொட்டலமாகத் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வந்து, கழிவு பிளாஸ்டிக்கில் கடைய ஆரம்பித்தார். "நான் உனக்காகச் செய்யல. என் மிஷின் துருப் பிடிக்குது, அதான்" என்று அடிக்கடி சொன்னார்.

ஒரு கை நிறைய மாதிரிகள் தயாரானதும் அக்கா விடுப்பு எடுத்தார். அவருடைய சித்தப்பா மகன் பாகான் டத்தோ பக்கம் கேபிள் இழுக்கும் குத்தகைக்காரரிடம் வேலை பார்த்தார். அவர்கள் கடைவீட்டில் ஊழியர்கள் பழகுவதற்கென்று கனெக்டர் செருகும் இரும்பு அடுக்கு ஒன்று இருந்தது. என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார். கடலோர வெயில், தென்னை மட்டைகூட அசையவில்லை. உள்ளே நுழைந்ததும் அக்கா வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டார்: "இங்க யாரு விரல் ரொம்பப் பெருசு?"

எல்லாரும் ஒருவரைப் பார்த்தார்கள். அவர் வெட்கத்தோடு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அக்கா கையை இழுத்து வெர்னியரால் கட்டைவிரலை அளந்து, "தங்கம் மாதிரி விரல் அண்ணே" என்றார். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை போலும். என்ன சொன்னாலும் செய்யத் தயாராகிவிட்டார்.

அடுக்கில் ஒரு வரிசை முழுக்க எங்கள் கனெக்டர்களை நெருக்கிச் செருகினோம். நடுவில் இருப்பதைக் கழற்றச் சொன்னார் அக்கா. பெரிய விரல்காரர் கையுறையோடு வாலைப் பிடித்தார். இழுத்தார்.

"ஏ... வந்துருச்சு லா!"

செருகினார். மறுபடி இழுத்தார். மற்றவர்கள் அவரைத் தள்ளிவிட்டு ஆளுக்கொன்றாக இழுத்தார்கள். சாப்பாடு ஆறிப்போனது. கிளம்பும்போது மாதிரிகளைத் திருப்பிக் கேட்டேன். யாரும் தரவில்லை. பெரிய விரல்காரர் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். அக்கா, "விடு தம்பி, இருக்கட்டும்" என்றார்.

விஷயம் எங்களுக்கு முன்னால் ஈப்போ வந்து சேர்ந்துவிட்டது. முதலாளி கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு அங்க போன ஆச்சி?"

"என்னைக் கேட்டேன் முதலாளி. போலாம்னு சொன்னேன்."

"அப்ப நாளையிலேருந்து நீயே உனக்குச் சம்பளமும் குடுத்துக்க. இங்க வராத."

அக்கா மறுநாள் காலை எப்போதும்போல வந்தார். வாசலில் இருந்த காவலாளிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நேரே போய்ப் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். முதலாளி மேலேயிருந்து இறங்கி வந்து, "வேலை இல்லைன்னு சொன்னேனே" என்றார்.

"நான் வேலைக்கு வரல முதலாளி. படிக்கட்டுக்குக் கீழ உக்கார வந்தேன்."

சம்பளம் இல்லாமல் தினமும் வந்தார். சொந்தக் காசில் வாங்கிய சோப்பு. யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. தள்ளுவதற்கு அந்த முக்கோணத்துக்குள் இன்னோர் ஆள் நுழைய இடமில்லை என்பதும் ஒரு காரணம்.

ஒருநாள் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். எங்கள் பெரிய வாடிக்கையாளர்; தேநீரில் கொக்கி விழுந்த அன்று வந்தவர்களில் ஒருவர். "எங்களுக்குக் கேபிள் இழுக்கும் பாகான் டத்தோ ஆட்கள் பழைய கனெக்டரில் வேலை செய்யமாட்டோம் என்கிறார்கள். வால் வைத்தது வேண்டுமாம். உங்களிடம் வால் வைத்தது இருக்கிறதா?" என்று மலாயில் கேட்டார். நான், "இருக்கு, ஆனா படிக்கட்டுக்குக் கீழ இருக்கு" என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அக்காவின் மாதிரி ஒன்று கிடந்தது. அசோங் அங்கிளிடம் எப்போது வாங்கினாரோ தெரியாது. வாலின் பளபளப்பைப் பார்த்தால் தினமும் இழுத்துப் பார்த்திருக்கிறார். எழுந்து போனார். படிக்கட்டுக்குக் கீழே குனிந்தார், போதவில்லை. இன்னும் குனிந்தார், தலையை இடித்துக்கொண்டார், கடைசியில் தரையில் உட்கார்ந்தார்.

"குடுப்பியா ஆச்சி?"

"குடுக்குறேன். ஆனா வரைபடத்துல அவங்க பேரு வரக் கூடாது. ஈப்போன்னு இருக்கணும்."

"அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

அன்று மாலை முதலாளி வெளிநாட்டுக்காரர்களோடு பேசினார். கதவு மூடியிருந்தது. அவர்கள் குரல் தொலைபேசியிலிருந்து உயர்ந்துகொண்டே போனது. முதலாளியின் குரல் மட்டும் வழக்கம்போல மெதுவாக இருந்தது. "முடியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "முடியாது." பிறகு வெளியே வந்தார். கண்ணாடியைத் துடைக்க மறந்திருந்தார்.

இதோடு எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். வெளிநாட்டுக்காரர்கள் பங்கையும் விற்றுவிட்டு, தங்கள் ஆர்டரை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வால் வைத்ததற்கு ஆர்டர் இருந்ததால் யாரையும் வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் ஓவர்டைம் நின்றது. லைனில் மூத்தவரான லெட்சுமி அக்கா எல்லார் முன்னாலும், "உன் வாலுக்கு எங்க ஓவர்டைமு போச்சு. சந்தோசமா?" என்று கேட்டார். எதற்கும் பதில் வைத்திருக்கும் எங்கள் அரைமில்லி அக்கா அன்று வாய் திறக்கவில்லை. முகம் சுருங்கிப்போய் நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதன்பிறகு மதிய நேரங்களில் அவரைப் படிக்கட்டுக்குக் கீழே காணவில்லை. லைனில் லெட்சுமி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கனெக்டரைத் தன் கையால் கோத்துப் பார்த்தார். எங்கே நகம் மாட்டுகிறது, எங்கே கண் வலிக்கிறது என்று கேட்டார். முதல் வாரம் யாரும் பேசவில்லை. இரண்டாம் வாரம் திட்டினார்கள். அது அவருக்குப் பழகிய மொழி, திருப்பித் திட்டினார். நாக்கைச் செருகும் பக்கத்தில் ஒரு சரிவு வைத்தார், அசோங் அங்கிள் அச்சை மாற்றினார், வேலை சுளுவானது. வாடிக்கையாளர்கள் ஒருவர் இருவராகக் கூடினார்கள். ஓவர்டைம் திரும்பிவந்த வெள்ளிக்கிழமை, லெட்சுமி அக்கா தன் கறிபாப்பை, கறி அடைத்துப் பொரித்த பலகாரத்தை, இரண்டாகப் பிட்டு, பெரிய துண்டை அவரிடம் நீட்டினார். கறிபாப்புக்குள் எவ்வளவு காற்று இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்.

பழைய அறையைத் திருப்பித் தருவதாக முதலாளி சொன்னார். அக்கா மறுத்துவிட்டார். இப்போதும் அந்தப் படிக்கட்டுக்குக் கீழேதான் இருக்கிறார். யாராவது பேச வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும்.

நான் வேலையை விட்டு கோலா கங்சாருக்குக் குடிவந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தொலைபேசியில் கூப்பிடுவார். நலமா என்று கேட்க மாட்டார். அந்த வாரம் யாரோடு சண்டை, யார் முடியாது என்றார்கள், அதற்கு இவர் என்ன சொன்னார் என்று ஒப்பித்துவிட்டு, நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் வைத்துவிடுவார். போன ஞாயிறு அழைப்பு வரவில்லை. மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நானே கூப்பிட்டேன்.

"என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன்? நான் ஒரு நாளு வாயை மூடிட்டு இருக்கக் கூடாதா? அதைக் கேக்க நீ யாருலா?"

அதன்பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.